ஏறி இறங்கும் கரையில் ஒரு குடித்தனம்

தருமபுரி மாவட்டத்துக்குச் சமுத்திரக் கரை கிடையாது. வங்கக் கடல் அதற்குக் கிழக்கே வேறு மாவட்டங்களைத் தாண்டிக் கிடக்கிறது. ஆயினும் அம்மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், பென்னாகரம் வட்டாரத்து ஏரியூர், நாகமரை, ஒட்டனூர் முதலிய கிராமங்களுக்கு ஆடி ஆவணி மாதங்களில் முதன்முறையாக வருகிற ஒருவருக்கு, கண்ணுக்கு எட்டிய மட்டும் பரந்து, காற்றுக்கு அலை எழுப்பி, ஓரத்தில் நுரை தள்ளிக்கொண்டிருக்கும் அந்த நீர்ப்பரப்பு கடலன்று என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும். மேட்டூர் அணையினால் தேங்கி நிற்கும் காவிரிதான் அது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அதன் ஓரமாக வீடு அமைத்துக்கொண்டு வந்துவிட்டவர்களுள் நானும் ஒருவன். இந்தக் கரையில் வாழ்வதற்குச் சில விஷயங்களைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. கற்பிக்கத் தகுந்தவர்களுக்கும் இங்கே குறைவில்லை. காரணம், இங்கே உள்ளவர்களில் பெரும்பாலோர், நீருக்குள் இருக்கும் மீன்கள் உட்பட, ஏதோ ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்களே.

நூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கே நீர்த்தேக்கம் என்று ஒன்று இல்லை. 1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி நீரைப் பற்றி உடன்படிக்கை செய்துகொண்டன. மறு வருஷம் மேட்டூரில் அணை வேலை ஆரம்பமாயிற்று. 1934 ஆகஸ்டு மாதம், அப்போதைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள அந்தச் சுவர் 120 அடி மட்டம் வரையில் நீரைத் தாங்குகிறபோது, 93.47 ஆயிரம் மில்லியன் கன அடித் தண்ணீர், ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்பில் நிற்கிறது. அந்தப் பரப்பில் முன்பு ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, கோயில்கள் இருந்தன. தஞ்சைத் தரணி மூன்று போகம் காண வேண்டும் என்று போட்ட திட்டத்துக்காகச் சேலம் ஜில்லாவின் காவிரிக் கரைக் குடியானவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினார்கள். தருமபுரி அந்நாளில் சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965-இல். சாம்பள்ளிக்காரர்கள் போய்த் தங்கிய இடம் இன்றும் புதுச்சாம்பள்ளி என்றே வழங்குகிறது. நாகமரைக்கு நேர் எதிரே, சேலம் மாவட்டக் கரையிலுள்ள பண்ணவாடியில், மூழ்கிப்போன ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களும், நீர்மட்டம் எழுபது அடி அளவுக்கு இறங்குகிற கோடைகளில் மெல்லத் தலை காட்டுகின்றன. பத்திரிகைகள் அதை ஒவ்வொரு முறையும் அதிசயம் என்று எழுதும். அந்த ஊர்களின் சந்ததியாருக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாட்டன் வீட்டைப் பார்த்துவிட்டு வருவது போல ஒரு நடை நடந்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

கடற்கரையில் குடியிருப்பவன் நாளுக்கு இரு முறை ஏறி இறங்கும் நீருக்குப் பழகிக்கொள்கிறான். இங்கே குடியிருப்பவனுக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் வருஷத்துக்கு ஒரு முறை. அதிலும் ஒழுங்கு கிடையாது. ஜூன் 12-ஆம் தேதி டெல்டாப் பாசனத்துக்கு மதகு திறப்பது வழக்கம். ஜனவரி 28 வரையில் நீர் போய்க்கொண்டிருக்கும். இதற்கிடையே குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால், கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிறைந்து, உபரி வெள்ளம் பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கலில் விழுந்து, நம் வாசலுக்கு வந்து சேரும். மழை பொய்த்தால் வராது. 2024-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வருஷம் ஜூன் 12-இல் நீர்மட்டம் நாற்பத்துச் சொச்சம் அடியிலேயே கிடந்தபடியால் மதகைத் திறக்கவே இயலவில்லை. ஜூலை தொடக்கத்திலும் நிலைமை அதுதான். பிறகு மலைநாட்டில் மழை பிடித்து, ஜூலை 30-ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. அணை கட்டிய நாள் முதலாக அப்படி நிரம்பியது அது 43-ஆவது முறை. மறு வருஷமோ ஜூன் முடிவதற்குள்ளாகவே 44-ஆவது முறையும் நிரம்பிற்று. எங்கள் பக்கத்துக் கரை சரிவு குறைந்த நிலமானதால், மட்டம் ஓர் அடி இறங்கினாலே நீரின் ஓரம் வெகு தூரம் பின்வாங்கிவிடும். ஏறும்போதும் அதே வேகத்தில் வந்து நிற்கும். ஆகவே இவ்விடத்தில் காலைப் பத்திரிகையைப் பிரித்தவுடன் ஜனங்கள் தேடுவது அரசியலையன்று, சினிமாவையும் அன்று. பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி, மேட்டூரில் எத்தனை அடி என்ற இரண்டு எண்களையே.

தோட்டத்துக்கு நீர் இறைக்க மோட்டாரைக் கரையோரமாக வைத்து ஒரு கொட்டகை போடலாமே என்று நான் பேச்செடுத்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் என்னைச் சிறிது நேரம் அனுதாபத்தோடு பார்த்தார். ஆயுள் முழுவதும் வலை வீசியவர் அவர். "தண்ணி என்ன உங்கள கேட்டுகிட்டா வரும் சார்? கீழ எதையும் நிலையா வெக்காதீங்க. எதுவா இருந்தாலும் தூக்கிட்டு ஓடறாப்ல இருக்கணும்" என்றார். இந்த உபதேசம் இங்குள்ள மீனவர் குடும்பங்களின் வாழ்க்கை முறையே ஆகும். நீர் இறங்க இறங்க அவர்கள் தங்கள் கொட்டகைகளையும் பரிசல்களையும் வலைகளையும் அதன் பின்னாலேயே கீழே கொண்டுபோகிறார்கள். நீர் ஏறுகிறபோது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு மேலே வருகிறார்கள். இதைப் பற்றி அவர்கள் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம் குடிதண்ணீர். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பை எதிரே வைத்துக்கொண்டு, கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பித் தருமபுரி ஜனங்கள் பல்லும் எலும்பும் கெட்டார்கள் என்பது, பின்னால் வருகிறவர்களுக்கு நம்பக் கடினமாயிருக்கும். இந்த மாவட்டத்துப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையை அது தாண்டும் இடங்களில், அந்த நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் முதலில் வெண்திட்டும் பிறகு பழுப்புக் கறையும் ஏறுகின்றன; பல வருஷம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, குனிந்து நிமிர்வதே கஷ்டமாகிவிடுகிறது. காய்ச்சினாலும் இது போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். ஜப்பானியக் கடனுதவியோடு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைச் சுத்திகரித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுப்பது இந்த நோயை ஒழிப்பதற்காகவே. ஆகவே புதிதாக வருகிறவர்கள் போர் போட்ட கையோடு அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும் வரையில் அதைப் பாத்திரம் துலக்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

குடித்தனச் சமாசாரம் இவ்வளவு போதும். இந்தக் கரையின் உண்மையான சிறப்பு, வீட்டை விட்டு வெளியே இறங்கினால்தான் தெரியும்.

மார்கழிக்குப் பிறகு நீர் பின்வாங்கத் தொடங்கியதும், வெளிப்படுகிற நிலத்தில் ஒரு விரற்கடை கனத்துக்கு வண்டல் படிந்து, வெயிலில் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்து நிற்கிறது. மேல் ஓடு காய்ந்திருக்கும். வெடிப்பில் விரலை விட்டால் உள்ளே ஈரம் குளிர்ச்சியாகத் தட்டும். அந்த ஈரம் போவதற்குள் ஏரை ஓட்டி, சோளமும் எள்ளும் நிலக்கடலையும் ராகியும் விதைத்துவிடுகிறார்கள். எருவும் அதிகம் வேண்டாம், பாய்ச்சலும் வேண்டாம். போன வருஷத்து வெள்ளம் இரண்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பங்குனி சித்திரையில் மற்றக் கொல்லைகள் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது, நீர்த்தேக்கத்தின் அடிநிலம் மட்டும் பச்சையாக அலையடிக்கும் காட்சியைப் பார்த்தால், கண்ணுக்குப் பெரிய விருந்து. ஆனால் இந்த நிலம் அரசாங்கத்தினுடையது. பட்டா என்பது பேச்சுக்கே இல்லை. வெள்ளம் முன்கூட்டி வந்தால் கதிர் முற்றிய பயிரோடு போய்விடும். அதற்கு நஷ்டஈடு கேட்க ஒரு வாசலும் இல்லை. அப்படியிருந்தும் அடுத்த வருஷம் அதே ஜனங்கள் அதே இடத்தில் விதைக்கிறார்கள். அணைக்காகப் பூமியை இழந்தவர்களின் சந்ததிகள், வருஷத்தில் சில மாதம் அந்தப் பூமியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் இதை நான் கருதுகிறேன். சட்டம் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லக்கூடும். என் அனுதாபம் விதைக்கிறவர்களின் பக்கம்.

இதே சூதாட்டத்தை ஆடுகிற இன்னொரு பிராணி ஆள்காட்டிக் குருவி. கூடு என்று சொல்லத்தக்க எதையும் அது கட்டுவதில்லை. வெறும் தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் நாலைந்து கூழாங்கல், நடுவே கூர்முனைகள் உட்புறமாகச் சேர்ந்தாற்போல நான்கு முட்டைகள். பழுப்பில் கறுப்புப் புள்ளி தெளித்த அந்த முட்டைகளை, காலடியில் இருந்தாலும், சரளைக் கல்லிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. நாம் நெருங்கும்போது தாய்ப்பறவை தலைக்கு மேல் வட்டமிட்டு ஊரையே கூட்டிவிடும். அந்தக் கூச்சல் எந்தத் திசையில் உரக்கக் கேட்கிறதோ அங்கே தேடக் கூடாது என்று ஆடு மேய்க்கும் சிறுவர்கள் சொல்வார்கள். ஆளை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு போவதே அதன் தந்திரம். நீரோரத்தில் சாம்பல் நாரை தவம் செய்துகொண்டிருக்கும். நீர்க்காகங்கள் பட்டுப்போன மரக் கிளைகளில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்றபடி குறி பார்த்து, கல் விழுவது போல விழும். ஆற்று ஆலாக்கள் மஞ்சள் அலகோடு நீரைத் தொட்டும் தொடாமலும் பறந்து போவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் சூரியோதயத்துக்கு முன்பே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் கரையில் நிழல் கிடையாது. இதை ஓர் எச்சரிக்கையாகவே சொல்கிறேன்.

மீன்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த நீரைப் பற்றிச் சொல்லி முடியாது. ஓடுகிற ஆறு தேங்கிய குளமாக மாறியவுடன், ஓட்டத்துக்குப் பழகிய பழைய கெண்டை இனங்கள் சில குறைந்துபோயின. அந்த இடத்தை நிரப்ப மனிதன் வேறு மீன்களைக் கொண்டுவந்து விட்டான். இன்று பரிசலில் வந்து இறங்குகிற கட்லாவும் ரோகுவும் மிருகாலும் வடக்கத்தி நதிகளின் பிரஜைகள். ஜிலேபிக் கெண்டை அதைவிடத் தூரத்துச் சரக்கு. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அது, இந்த தேசத்துக்குள் வந்ததே 1952-இல்தான். வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொண்ட கதையாக, இப்போது வலையில் அதுதான் நிறைய விழுகிறது. மீன்துறையிடம் உரிமம் பெற்றவர்கள் மாலையில் வலையை விரித்துவிட்டு விடியற்காலையில் எடுக்கிறார்கள். பிடித்த மீன் கரையிலேயே எடை போடப்பட்டு, பனிக்கட்டி போட்ட பெட்டிகளில் வெளியூர் போய்விடும். வாளையோ விராலோ கிடைக்குமா என்று கேட்டு நிற்கிற உள்ளூர்க்காரர்களுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று கிடைக்கும்.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளை வட்டக் கூடையாகப் பின்னி, அடியில் உறை போர்த்தித் தார் பூசிய ஓடம். அந்த உறை முன்காலத்தில் மாட்டுத் தோல். இப்போது பிளாஸ்டிக் சாக்கு. முன்னும் பின்னும் இல்லாத அந்த வட்டத்தை ஒற்றைத் துடுப்பால் நேராகச் செலுத்துவது, பார்ப்பதற்கு எளிது. கையில் வாங்கிப் பார்த்தால் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்போம். நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கும், ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் ஜனங்கள் நீர் வழியாகவே போய் வருகிறார்கள், மோட்டார் சைக்கிள்களையும் கூடவே ஏற்றிக்கொண்டு. சாலை வழியாகப் போவதென்றால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆடிக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அலை எழும்பித் துறை நின்றுவிடும். எதிர்க்கரையில் பெண் கொடுத்தவர்கள் அன்று சம்பந்தி வீட்டு விசேஷத்தைக் கரையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பாலம் வேண்டும் என்பது இவ்வட்டாரத்தின் நெடுநாளைய கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை; பரிசல் சவாரியின் அழகை எழுதுகிறவர்கள், பிரசவ வலி கண்ட பெண்ணை இரவில் அக்கரை சேர்க்க வேண்டியவர்களின் பக்கமிருந்தும் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

நீரை எதிர்த்து மேலே போனால், தேக்கம் ஒடுங்கி, மீண்டும் ஆறாகி, மலை இடுக்குக்குள் புகுந்து ஒகேனக்கலை அடைகிறது. தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். அருவியைப் பற்றி அறியாதவர் இல்லையாதலால் அதை விட்டுவிடுகிறேன். அங்குள்ள கார்பனடைட் என்னும் பாறையை மட்டும் கவனிக்கச் சொல்வேன். எரிமலைக் குழம்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தே பெரும்பகுதியாக இறுகி உண்டாகும் அபூர்வப் பாறை அது. அதன் வயது சுமார் 240 கோடி வருஷம் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். மீன் வறுவல் கடைக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் நடுவே அந்தப் பாறையைத் தடவிப் பார்ப்பவர் எத்தனை பேரோ!

ஆற்றின் இரு மருங்கும் உள்ள காடுகளில், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கரையோரத்து நீர்மருத மரங்களின் உச்சியில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி அது. கிளைக்குக் கிளை தாவியே வாழ்கிற அது தரையில் இறங்க விரும்பாததால், கரை மரங்களின் வரிசையில் நாலு மரத்தை வெட்டினால், அதற்குப் பாதையே அறுந்து போகிறது. பாறைகளின் மேல் செதிளும் முள்ளும் கலந்து கவிச்சி வீசும் எச்சத்தைக் கண்டால் அங்கே நீர்நாய்க் குடும்பம் உண்டென்று அறியலாம்; அவை கூட்டமாக நீந்தி மீனை வளைத்து விரட்டிப் பிடிக்கும். முதலைகள் மார்கழி தை மாதத்துக் காலை வெயிலில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும். அது கோபமுமன்று, பசியுமன்று. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. என்றாலும் உள்ளூர்க்காரர்கள் இறங்காத மடுவில் நாமும் இறங்காமலிருப்பதே விவேகம்.

இந்த ஆற்றுக்கே உரிய பூர்வகுடி ஒன்று உண்டென்றால் அது முதுகில் திமில் கொண்ட மகசீர் மீன். காவிரியையும் அதன் உபநதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. பல காலமாக வேட்டைப் பிரியர்களுக்குப் பிரசித்தமான அந்த மீனுக்கு, விஞ்ஞானிகள் சரியான பெயரை நிர்ணயித்ததே 2018-இல்தான். நிர்ணயித்த வருஷமே அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வெடி வைத்து மீன் பிடித்ததும், அணைகள் ஆற்றைத் துண்டு துண்டாக்கியதும் காரணங்கள். நல்லெண்ணத்தோடு வேறு நதியின் மகசீரைக் கொண்டுவந்து இங்கே விட்டதும் ஒரு காரணம். குடியேறியவர்கள் செழித்த இந்த ஜலத்தில் பூர்வகுடி மட்டும் ஒதுங்கிப்போயிற்று.

இதைப் படித்துவிட்டு இப்பக்கம் வர எண்ணுகிறவர்கள் ஆடிப் பதினெட்டாம் பெருக்கின் கூட்டத்துக்கு வருவதைவிட, நீர் இறங்கியிருக்கும் மாசி பங்குனியில் ஒரு முறையும், ஏறியிருக்கும் ஆவணி புரட்டாசியில் ஒரு முறையும் வந்து, ஒரே இடத்தை இரண்டு கோலத்திலும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பரிசலில் ஏறினால் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளுங்கள்; தராத பரிசலில் ஏற வேண்டாம். இங்கே மனை வாங்கும் ஆசை எவருக்காவது உண்டானால், தரகர் பேச்சை நம்பி முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த இடம் 120 அடி நிறைமட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பதைச் சர்வே எண்ணைக் கொண்டு தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பங்குனியில் காட்டப்படுகிற மனை, ஆவணியில் தண்ணீருக்குள் இருக்கக்கூடும்.